லொரெட்டா லின் யார்? கன்ட்ரி இசையில் (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

1932-இல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், புட்சர் ஹாலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். 15 வயதில் கல்யாணம். பிறகு வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்தடுத்து நான்கு குழந்தைகள்.

வீட்டில் பாடிக்கொண்டிருந்தவருக்குக் கணவர் 17 டாலரில் ஹார்மனி நிறுவனத்தின் கிட்டார் ஒன்றை வாங்கித் தந்தார். யாரிடமும் பயிலாமல் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். 1960-இல் முதல் இசைத்தட்டு வந்ததும் இருவரும் காரில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கி, பாட்டை ஒலிபரப்பச் சொல்லிக் கேட்டார்கள். அது கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடம் பிடித்தது. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

குரல் அருமை, அதைவிடத் துணிச்சல் பெரிது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் மனைவி நேருக்கு நேர் பேசுவதுபோல எழுதிப் பாடினார். 1975-இல் அவர் பாடிய கருத்தடை மாத்திரைப் பாட்டைப் பல வானொலிகள் போட மறுத்தன, ஆனாலும் மக்கள் விரும்பிக் கேட்டார்கள். 1972-இலேயே கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். 2004-இல், 72 வயதில் வெளியிட்ட ஆல்பத்துக்கு இரண்டு கிராமி இசை விருதுகள். 2022-இல் 90 வயதில் காலமானார். தங்கை கிரிஸ்டல் கேலும் புகழ்பெற்ற பாடகிதான்.