பார்சல் அட்டை

பெருந்துறையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "அண்ணா, வர்ற செப்டம்பர்ல மான்செஸ்டர்ல ஆர்ட் கோர்ஸ் சேரலாம்னு இருக்கேனுங்க. போர்ட்ஃபோலியோவுல போட்டோவும், துணி, தாள், பெயிண்ட்னு பலதும் சேர்த்துச் செய்யற மிக்ஸ்டு மீடியாவும் கலந்து வெக்கலாமுங்களா? எந்த கேமரா வாங்கறதுங்க? ரூம் வாடகை, பார்ட் டைம் வேலையெல்லாம் எப்படிங்க? அப்பா ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருக்காருங்க."

அம்மணி, வாடகைக்கும் வேலைக்கும் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிர் கோட்டை மட்டும் கோயமுத்தூரில் வாங்கிவிடாதே, இங்கே வந்து வாங்கிக்கொள். கேமராவுக்கு உன் போனே போதும். எனக்குப் பேச வேண்டியது போர்ட்ஃபோலியோ, அதாவது கோர்ஸில் சேர நீ காட்ட வேண்டிய படைப்புத் தொகுப்பைப் பற்றி.

நான் 2006ல் மான்செஸ்டருக்குப் படிக்க வந்தவன். சென்னிமலையில் தறிக்காரர் வீடு. ஒரு ஏஜென்ட், பேர் வேண்டாம், "போர்ட்ஃபோலியோ நாங்களே ரெடி பண்ணித் தர்றோம் தம்பி" என்று அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். கோயில் கோபுரம், சுருக்கம் விழுந்த கிழவி, வயலில் கொக்கு, எல்லாம் பளபளப்புத் தாளில், கறுப்பு அட்டையில். அதில் ஏழு படம் நான் எடுத்ததே இல்லை. இன்றைக்கும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் வாரத்தில் ஆசிரியை அதைப் புரட்டினார். ரெண்டு நிமிஷம் இருக்கும், மூடி வைத்துவிட்டார். பெட்டியில் படங்கள் மடங்காமல் இருக்கட்டும் என்று அப்பா பழைய ஜக்கார்டு அட்டை, தறியில் டிசைன் விழுவதற்காக ஓட்டை போட்ட அட்டை, நாலைந்தை அடியில் வைத்துக் கட்டியிருந்தார். எப்போதோ ஓடி முடிந்த பெட்ஷீட் டிசைன். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கோத்த நூல் அறுந்து தொங்கியது. ஆசிரியை அதில் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் மேசை மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. "இது யார் செய்தது?" என்றார். "அது பார்சல் அட்டைங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. காசு கொடுத்த படத்தைத் தள்ளிவிட்டு அழுக்கு அட்டையைப் பார்க்கிறாரே என்று.

அதனால்தான் சொல்கிறேன், ரெடிமேடு போர்ட்ஃபோலியோ பக்கமே போகாதே. இங்கே முடிந்த படத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதற்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று பார்ப்பார்கள். வீணாய்ப் போன தாளைக் கிழித்துப் போடாமல் நோட்டில் ஒட்டி, தேதி, எத்தனை நிமிஷம் வெயிலில் வைத்தாய், என்ன கெட்டுப்போயிற்று என்று பக்கத்திலேயே எழுது. அப்புறம், சந்தையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளைக் கேட்காமல் படம் எடுத்து வராதே. அந்த முகங்களை இவர்கள் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

பிறகு அந்த அட்டைகளையே வைத்து சயனோடைப், அதாவது கேமரா இல்லாமல் வெயிலில் எடுக்கும் நீலப் படம், போட ஆரம்பித்தேன். ஜான் ஹெர்ஷல் 1842ல் கண்டுபிடித்த முறை. கட்டட வரைபடத்துக்கு ப்ளூபிரிண்ட் என்ற பேர் இதிலிருந்துதான் வந்தது. பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு, ரெண்டு கரைசலையும் கலந்து இருட்டறையில் தாளில் பூசிக் காயவைத்து, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலம், மறைந்த இடம் வெள்ளை. சென்னிமலையாக இருந்தால் சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். மான்செஸ்டர் அக்டோபரில் ஒரு மணி நேரம் வைத்தும் வெளிறிய சாம்பல்தான் கிடைத்தது. ஆகவே வெயில் வேண்டிய வேலையை எல்லாம் ஊரிலேயே முடித்துவிடு.

உனக்கு அதைவிட நல்லது வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்திருப்பாய் அல்லவா? விரலி மஞ்சளை நைசாக அரைத்து ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் வடிகட்டித் தாளில் பூசு. காய்ந்ததும் இலையோ, கண்ணாடித் தாளில் அச்சடித்த போட்டோவோ மேலே வைத்து சில மணி நேரம் வெயிலில் போடு. வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும். பிறகு வெங்காரக் கரைசலில் நனைத்தால் மிச்சமிருக்கும் மஞ்சள் செம்பழுப்பாகும். வெங்காரம் அங்கே நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இங்கே கடையில் அதையே போராக்ஸ் என்று கேட்டால் மாற்றுச் சரக்கைத்தான் கொடுப்பார்கள். இந்தப் படம் நிற்காது, வெளிச்சத்தில் நாளுக்கு நாள் மங்கும். அன்றைக்கே ஸ்கேன் செய்துவிடு.

போட்டோவைப் பசை தடவித் தாளுக்கோ துணிக்கோ மாற்றுவதானால் லேசர் அச்சு எடு. நான் இங்க்ஜெட்டில் எடுத்து, அம்மாவின் முகம் ஊதா நிறமாக வழிந்து போயிற்று. இடம் வலம் மாறி விழும் என்பதையும் மறக்காதே, கடைப் பலகை இருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிகிறதே என்று உட்கார்ந்து விழிக்க வேண்டிவரும். இப்போதெல்லாம் போர்ட்ஃபோலியோவை முதலில் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பார்ப்பார்கள், அதனால் செய்ததைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டிவரும். ஃபிளாஷ் போட்டால் ஒட்டியிருப்பது எல்லாம் தட்டையாகிவிடும். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்போது எடு, நூலும் மடிப்பும் நிழலோடு தெரியும். கிட்டத்தில் ஒன்றும் எடுத்து வை.

இங்கே உள்ள நம்மூர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "படம் வரையறதுக்கு இத்தனை செலவா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அவர்களே பிள்ளைக்குச் சீர் வைத்தால் போன் போட்டு, "தம்பி, நம்ம பொண்ணு விசேஷம், ரெண்டு போட்டோ எடுத்துக் குடுத்துரு" என்பார்கள். ரெண்டு என்றால் நானூறு. சாப்பாட்டோடு சரி. முதல் தடவையே காசு எவ்வளவு என்று சொல்லிவிடு. நான் சொல்லவில்லை, பதினைந்து வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் இல்லையா, அந்த நினைப்பில் வந்து இறங்கினால் இங்கே ஆலைகள் எல்லாம் குடியிருப்பாக மாறியிருந்தன. தறி பார்க்க மியூசியத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் போனேன். ஓட்டிக் காட்டினார்கள், கொஞ்ச நேரம்தான். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் சத்தம் நின்றால்தான் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், நூல் அறுந்துவிட்டதா என்று.

வரும்போது விரலி மஞ்சள் அரைக் கிலோ கூடுதலாக எடுத்து வா, அம்மணி. காசு கொடுத்துவிடுகிறேன்.