அரை மணி நேர வேலை அரை நாள் ஆவது ஏன்?

சைலன்சரைத் தாங்கும் ஒரு போல்ட்டை மாற்றத்தான் காரை விட்டேன். மாலை வரை கிடைக்கவில்லை. ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு நேரமா?

புதிய போல்ட்டை மாட்டச் சில நிமிடங்கள் போதும். நேரத்தைத் தின்பது பழையதைக் கழற்றுவதுதான். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மரைகளுக்கு இடையே அது பிதுங்கி இறுகிவிடுகிறது. எஞ்சினை ஒட்டிய இடமென்றால், சூடாவதும் ஆறுவதுமாகக் கழிந்த ஆண்டுகள் அந்தப் பிடியை இன்னும் கெட்டிப்படுத்தியிருக்கும். இரும்பு போல்ட் அலுமினியத்தில் ஏறியிருந்தால் நிலைமை மேலும் மோசம். ஈரமும் உப்பும் சேரும்போது இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்பு வேகம் பிடிக்கும்.

பொறுமையான மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்பேனரைப் போட்டு முறுக்க மாட்டார். எண்ணெய் தெளித்து ஊற விடுவார், சூடேற்றுவார், சற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கி மெல்லக் கொண்டுவருவார். இத்தனைக்குப் பிறகும் தலை முறிந்து, தண்டு உள்ளேயே நின்றுவிடலாம். அப்போது தண்டின் நடுவில் துளையிட்டுத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். துளை சற்று விலகினாலும் அலுமினியத்தின் மரை போய்விடும். இந்த இடத்தில் தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள். போல்ட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின் பாகம் வரை போய்விடும்.

கிளட்ச் பேரிங் மலிவு, கூலி மட்டும் பல மடங்கு. இது நியாயமா?

பெரும்பாலும் நியாயம்தான். பெரும்பாலான கார்களில் அந்த பேரிங்கை எட்ட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்குமுன் டிரைவ் ஷாஃப்ட், கேபிள்கள், தாங்கிகள் என ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். அவ்வளவையும் பிரித்தபின் தேய்ந்த கிளட்ச் தட்டை உள்ளேயே விட்டு மூடினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். டைமிங் பெல்ட் மாற்றும்போது, அந்த பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுற்றுகிறதென்றால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான்.

பிரேக் பேட் மாற்றப் போனேன். இடையில் அழைத்து “இன்னும் வேலை இருக்கிறது” என்றார்கள். ஏமாற்றுகிறார்களா?

சக்கரத்தைக் கழற்றாமல் சில விஷயங்கள் தெரியவே தெரியாது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகியிருக்கலாம். அப்படியே விட்டால் புதிய பேடும் ஒரு பக்கமாகத் தேயும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பல டிஸ்க்குகளில் அந்தக் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் நேரில் போய், உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் தயங்க மாட்டார்.

எஞ்சின் விளக்கு எரிகிறது. கருவியில் கோளாறுக் குறியீடு வந்துவிட்டது. பிறகும் ஏன் தாமதம்?

கோளாறு எங்கே உணரப்பட்டது என்பதைத்தான் குறியீடு சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. எரிபொருள் கலவையில் காற்று அதிகம் என்று வந்தால், விரிசல் விட்ட குழாய், பலவீனமான பம்ப், அழுக்கான சென்சார் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றிவிடும் இடத்தைவிட, சோதிக்க நேரம் கேட்கும் இடத்தையே நான் நம்புவேன்.

சூடானால் மட்டும் தலைகாட்டும் கோளாறு இன்னும் சிரமம். அது மறுபடி வரும்வரை வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின் வருகிறது என்று எழுதிக் கொடுங்கள். விளக்கை அணைப்பதற்காக பேட்டரியைக் கழற்றாதீர்கள். பதிவாகியிருந்த தடயங்கள் அழிந்துவிடக்கூடும்.

ரேடியேட்டர் குழாய் மாற்றியாகிவிட்டது. அதன்பிறகும் வண்டியைத் தராமல் வைத்திருந்தார்களே?

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அதை வெளியேற்ற, கூலன்ட்டின் வழியை அடைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் அளவுக்கு எஞ்சினைச் சூடாக்கி, ஆற விட்டு, அளவைப் பார்த்து மீண்டும் நிரப்ப வேண்டும். ஆறுவதற்கான நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. வீட்டுக்கு வந்தபின் நீங்கள் அளவைப் பார்ப்பதாக இருந்தாலும், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறங்கள்.