கனவு வீட்டில் துணி எங்கே காய்கிறது?

(வீடு, மனை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்.)

கேள்வி: ராத்திரி வேலை முடிந்ததும் செல்போனில் விற்பனைக்கு வந்த வில்லா வீடியோக்களைத்தான் பார்க்கிறேன். நாங்கள் இருப்பது 9,000 ரூபாய் வாடகை வீடு. ‘மூணு கோடி வீட்டைப் பார்த்து என்ன பண்ணப்போற?’ என்று என் கணவர் கிண்டல் செய்கிறார். இது ஏதாவது வியாதியா ஐயா?
— ஓர் இல்லத்தரசி, ஓசூர்

பதில்: வியாதி என்றால் எனக்கும் இருக்கிறதம்மா. என் வீட்டம்மாவுக்கும் தொற்றிவிட்டது. ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மூன்று வீடாவது பார்த்துவிட்டுத்தான் படுப்போம். அடுத்த முறை உங்கள் கணவர் கிரிக்கெட் பார்க்கும்போது ‘நீங்க என்ன பேட்டிங் பண்ணப்போறீங்களா?’ என்று கேளுங்கள்.

ஆனால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்காதீர்கள், குறை கண்டுபிடித்துப் பாருங்கள். அதில்தான் ருசி. ‘விசாலமான படுக்கையறை’ என்று வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பையன் கையை விரிக்கும்போது வீடியோவை நிறுத்துங்கள். சுவரோரமாகத் தரை டைல்ஸை எண்ணுங்கள். சதுர டைல்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடிதான். ஐந்து வந்தால் அறை பத்தடி, அவ்வளவுதான். நீள டைல்ஸ் என்றால் நாலடிக்கு இரண்டடியாக இருக்கலாம், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அண்ணாந்து ஃபேனைப் பாருங்கள். ஓரத்தில் இருக்கிற ஃபேன் முட்டை மாதிரி இழுத்துக்கொண்டு தெரிந்தால், அகல லென்ஸ் வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்த லென்ஸ் நம் வீட்டுப் பரணையும் கல்யாண மண்டபம் ஆக்கிவிடும்.

கேள்வி: 1,800 சதுர அடி ஃபிளாட் 1 கோடியே 8 லட்சம் என்கிறார்கள். மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்தேன், பிரமாதமாக இருக்கிறது. சதுர அடி 6,000 ரூபாய் நியாயமான விலைதானே சார்?
— ஐ.டி. ஊழியர், தருமபுரி

பதில்: 1,800 எது என்று கேட்டீர்களா தம்பி? சூப்பர் பில்ட்-அப் என்றால் மாடிப்படி, லிஃப்ட், நடை, வாசலில் செக்யூரிட்டி உட்காரும் இடம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி (ரெரா என்பது இதுதான்) விற்பவர் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்குகிற பரப்பை, சொல்லியாக வேண்டும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி இதில் வராது. உள்ளே அறைகளைப் பிரிக்கிற சுவர் வரும். ஒரு பேச்சுக்கு அது 1,350 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வகுத்துப் பாருங்கள். சதுர அடி 8,000 ஆகிவிட்டது! விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டு வீட்டுக்கு மேல் என்றாலோ, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது.

மாதிரி வீடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டு வருஷம் முன்னால் ஓசூர் போகிற வழியில் ஒரு மாதிரி வீட்டுக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு வாங்குகிறவன் மாதிரி போனேன். காபி எல்லாம் கொடுத்தார்கள். படுக்கையறை அத்தனை தாராளம். எங்கேயோ இடித்தது. வீட்டைக் காட்டிய விற்பனைப் பெண் போன் பேச வெளியே போன நேரத்தில் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தேன். நீளம் ஐந்தரை அடி! மருமகனைப் படுக்கச் சொன்னேன், கால் வெளியே தொங்கியது. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது: உள்ளே எந்த அறைக்கும் கதவே மாட்டவில்லை. கதவு திறக்கிற இடம் மிச்சம் அல்லவா? காபி நன்றாகத்தான் இருந்தது.

கேள்வி: இரண்டு மாடி உயரத்துக்கு ஹால், நடுவில் தொங்கும் சரவிளக்கு. இதுதான் என் வாழ்நாள் ஆசை. உங்கள் கருத்து?
— ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பின் நீளம் என்ன டீச்சர்?

ஆசையைக் கெடுக்கவில்லை. நானே அப்படி நாலு ஹால் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கிரகப்பிரவேசத்தன்று பார்க்கக் கண் கொள்ளாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க உள்ளேயே சாரம் கட்ட வேண்டும். இருபதடி உயரத்தில் ஒரு பல்பு போனால் எலக்ட்ரீஷியன் ஏணியைப் பார்த்துவிட்டு ‘நாளைக்கு வரேன்’ என்பார். ஏசிக்கு இரண்டு ஹால் காற்றைக் குளிர வைக்கிற வேலை. மேற்குப் பக்கம் உயரமாகக் கண்ணாடி வைத்துவிட்டார்கள் என்றால், சித்திரை வெயிலில் நாலு மணிக்கு அந்த சோபாவில் நீங்கள் உட்கார மாட்டீர்கள், பூனைகூட உட்காராது. கிழக்கிலோ வடக்கிலோ கண்ணாடி, மேலே காற்று வெளியேற ஜன்னல் என்றால் சரி, கட்டுங்கள்.

கேள்வி: இத்தாலி மார்பிள் போட்ட சமையல் மேடையா, நம் ஊர் கிரானைட்டா?
— புது வீடு கட்டுபவர், பாலக்கோடு

பதில்: பர்கூர், ஜெகதேவி பக்கம் கல்லை அறுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் இத்தாலியைத் தேடுகிறீர்கள். மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளிப்பு பட்டால் அரித்துவிடும். நான் பார்த்த ஒரு வீட்டில் புளி கரைத்த கிண்ணத்தை மேடையில் வைத்து எடுத்ததில் வட்டமாகப் பளபளப்பு போய்விட்டது. அந்த அம்மா மூன்று வருஷமாக அதன் மேல் தினசரி காலண்டரை வைத்து மறைக்கிறார். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டைப் பார்த்தபடி பண்ணை வீடு, நீச்சல் குளத்தோடு விலைக்கு வருகிறது. பெங்களூர் நண்பர்கள் ‘விடாதே’ என்கிறார்கள்.
— தொழிலதிபர், கிருஷ்ணகிரி

பதில்: காட்டை நீங்கள் பார்த்தால் காடும் உங்களைப் பார்க்கும் சார். ராகி முற்றுகிற காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கி, சானமாவு காட்டில் தங்கி, ராத்திரி வயலுக்கு வருவது வருஷா வருஷம் நடக்கிற கதை. அந்தப் பக்கத்துக் காட்டின் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு சரணாலயம். விளம்பரப் படத்தில் மான் இருக்கும், யானை இருக்காது. போய் ரியல் எஸ்டேட்காரரைக் கேட்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடம் ‘கார்த்திகை, மார்கழியில் ராத்திரி காவல் உண்டா?’ என்று கேளுங்கள்.

குளத்துக்கு வருவோம். இருபதுக்குப் பத்தடி, ஆழம் நாலரை என்றால் சுமார் 25,000 லிட்டர். தண்ணீர் எங்கே? போர்வெல் என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குளத்தில் குதிக்கிறது இருக்கட்டும், குடிக்கிற தண்ணீரை முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: 2 கோடி ரூபாய் தனி வீட்டுக்குப் பத்திரச் செலவு என்ன ஆகும்?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 18 லட்சம். அந்தப் பணத்துக்கு ஒரு காலத்தில் நான் முழு வீடே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எல்லா வீட்டையும் குறை சொல்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த வீடே கிடையாதா?
— கல்லூரி மாணவி, அரூர்

பதில்: ஒன்று இருந்ததம்மா. எந்த வீடியோ பார்த்தாலும் என் வீட்டம்மா கேட்பது ஒரே கேள்விதான்: ‘துணி எங்கே காயப்போடுறது?’ ஜிம் காட்டுவார்கள், ஹோம் தியேட்டர் காட்டுவார்கள், நாய்க்குத் தனி அறைகூடக் காட்டினார்கள். துணிக்கொடியை ஒருத்தரும் காட்டியதில்லை. போன மாசம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய மாடி வீடு. கேமராக்காரர் மொட்டை மாடிக்குப் போனபோது எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள் போல, கொடியில் ஒரு பச்சைத் துண்டும் பாவாடையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வடகம் காயப்போட்ட தட்டு. ‘இந்த வீடு. விலையைக் கேளுங்க’ என்றாள்.

கேட்டேன். ஒரு கோடியே நாற்பது லட்சம், பேசிக்கொள்ளலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டைப் போட்டோம்.