போலிப் பத்திரம்னு தெரியாம மனை வாங்கிட்டேன், இப்ப நிலம் யாருக்கு?

தமிழ்நாட்டுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "2021ல ஒரு மனை வாங்கினேன். எனக்கு வித்தவரு 2016ல ஒரு பெரியவர்கிட்ட இருந்து கிரயம் வாங்கினதா பத்திரம் இருக்கு. வில்லங்கம் சுத்தம், பட்டாவும் வித்தவரு பேர்ல. காம்பவுண்ட் கட்டி போரும் போட்டுட்டேன். இப்ப பெரியவரோட பசங்க வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காங்க, அப்பா 2012லயே தவறிட்டாரு, 2016ல கையெழுத்து போட்டது வேற எவனோன்னு. முழுப் பணம் குடுத்து நேர்மையா வாங்கின என்னை சட்டம் காப்பாத்தாதா?"

பசங்க சொல்றது உண்மைன்னா நிலம் உங்களுக்கு நிக்காதுங்க. தன்கிட்ட இல்லாததை ஒருத்தன் விக்க முடியாது. 2016 பத்திரமே வெத்துக் காகிதம்னா அதுல இருந்து பொறந்த உங்க பத்திரமும் அதேதான், நடுவுல எத்தனை கை மாறினாலும் சரி. மலேசியால இருக்கிற டோரன்ஸ் முறைல, அதாவது அரசுப் பதிவேட்டுல இருக்கிற பேரே உரிமைக்கு ஆதாரமாகுற முறைல, கதை வேற, அங்க போலிக்காரன்கிட்ட நேரா வாங்கினவருக்குத்தான் ஆபத்து, அவருக்கு அடுத்து நல்லெண்ணத்தோட விலை குடுத்து வாங்கினவர் தப்பிச்சுடுவாரு. நம்ம ஊர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரத்தைத்தான் பதிவு பண்ணுது, உரிமைக்கு கேரண்டி குடுக்கல. சார்பதிவாளருக்கு வித்தவரோட உரிமையை ஆராயுற வேலையே கிடையாதுன்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லி, பழைய பத்திரத்தைக் காட்டலைன்னா பதிவு கிடையாதுன்னு சொன்ன தமிழ்நாட்டோட 55ஏ(i) விதியை ரத்து பண்ணிடுச்சு.

வில்லங்கம் சுத்தமா இருந்துச்சேன்னு எல்லாரும் கேப்பாங்க. போலிப் பத்திரமும் ஒழுங்கா பதிவாகி அதுல ஒரு வரியா உக்காந்திருக்கும், அவ்ளோதான். பட்டாவும் அந்தப் பத்திரத்தைக் காட்டி மாத்தினதாதான் இருக்கும், திருடன் சொன்னதை அவன் தம்பியும் சொன்ன மாதிரி.

சரி, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 41வது பிரிவு நல்லெண்ணத்தோட வாங்கினவரைக் காப்பாத்தும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. உண்மைதான், ஆனா அதுக்கு அசல் ஓனரோட சம்மதம் வேணும், அதாவது அவரே இன்னொருத்தரை ஓனர் மாதிரி காட்டிக்க விட்டிருக்கணும், வெளிப்படையாவோ நடத்தைலயோ. செத்துப்போனவர் பேர்ல எவனோ போய் உக்காந்தா அதுல சம்மதம் எங்க வரும்? பெரியவரு உயிரோட இருந்து, அவரையே ஏமாத்தி கையெழுத்து வாங்கியிருந்தா உங்க வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருக்கும், ஏன்னா விலையைப் பத்தி பொய் சொல்லி வாங்கின கையெழுத்துன்னா பத்திரம் ரத்து ஆகுற வரைக்கும் செல்லும், அதுக்குள்ள விஷயம் தெரியாம வாங்கினவருக்குப் பாதுகாப்பு கேக்கலாம். அதுவே அடமானப் பத்திரம்னு சொல்லி கிரயப் பத்திரத்துல கையெழுத்து வாங்கியிருந்தா அது ஆரம்பத்துலயே செல்லாது.

அதனால முதல் வேலை, பசங்க சொல்றது நெசமான்னு பாக்கறது. நிலத்து விலை ஏறினதும் அப்பா போட்ட கையெழுத்தையே இல்லைன்னு சொல்ற வாரிசுங்களும் இருக்காங்க, நான் பாத்திருக்கேன். இறப்புச் சான்றிதழ்ல இறந்த தேதியை மட்டும் பாக்காதீங்க, எந்தத் தேதில பதிவு பண்ணாங்கன்னு பாருங்க, ஒரு வருஷம் தாண்டி பதிவு பண்ணியிருந்தா அதுக்கு தனியா ஒரு ஆர்டர் இருக்கணும், அதைக் கேட்டு வாங்குங்க. 2016 பத்திரத்துக்கு சான்றிட்ட நகல் போட்டு வாங்கி அதுல இருக்கிற போட்டோவையும் ரேகையையும் பாருங்க, சாட்சிங்க யாரு, பத்திரம் எழுதினவர் யாருன்னு உங்க 2021 பத்திரத்தோட ஒப்பிடுங்க. ரெண்டுலயும் ஒரே சாட்சி வந்தா வித்தவரும் கூட்டாளியா இருக்க வாய்ப்பு அதிகம், இல்லைன்னா அவரும் உங்கள மாதிரி ஏமாந்தவரா இருக்கலாம்.

அப்புறம் நான் எல்லார்கிட்டயும் கேக்கற ஒரே கேள்வி: பெரியவரு பேர்ல இருக்கிற தாய்ப் பத்திரம் உங்ககிட்ட ஒரிஜினலா இருக்கா, நகலா? ஆள்மாறாட்டம் பண்றவன்கிட்ட பெரும்பாலும் ஒரிஜினல் இருக்காது, அது அசல் ஓனர் வீட்டுப் பீரோலதான் தூங்கிட்டிருக்கும், இவன் நகல் போட்டு எடுத்துட்டு ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுன்னு கதை சொல்லுவான். வெறும் நகலை நம்பி நீங்க காசு குடுத்திருந்தா கோர்ட்ல உங்க நல்லெண்ணத்துல பெரிய ஓட்டை விழும். வாங்கும்போது அந்த இடத்துல வேற யாராவது குடியிருந்தாங்களா, பயிர் வச்சிருந்தாங்களா? அப்படி இருந்திருந்தா அவங்க உரிமை உங்களுக்குத் தெரியும்னே சட்டம் எடுத்துக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல பொது அறிவிப்பு குடுத்தது, வக்கீல்கிட்ட லீகல் ஒப்பினியன் வாங்கினது, பேங்க் வழியா பணம் குடுத்தது, எது இருந்தாலும் இப்பவே ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

நல்லெண்ணத்தால நிலம் தப்பலைன்னாலும் வேற ரெண்டு இடத்துல அது கை குடுக்கும். ஒண்ணு, அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தோட 51வது பிரிவு. தன்னோடதுதான்னு முழுசா நம்பி செலவு பண்ணவரை வெளியேத்தணும்னா அந்த மேம்பாட்டோட மதிப்பைக் குடுக்கணும், இல்லைன்னா இடத்தை அவருக்கே மார்க்கெட் விலைக்கு விக்கணும். உங்க காம்பவுண்டும் போரும் இதுல வரும். ஆனா நோட்டீஸ் கைக்கு வந்த நாள்ல இருந்து இந்த நம்பிக்கைன்னு ஒண்ணு கிடையாது, அதனால இனிமே ஒரு செங்கல் கூட வைக்காதீங்க.

ரெண்டு, பணம். எனக்கு விக்க உரிமை இருக்குன்னு வித்தவரு உறுதி குடுத்ததாவே அதே சட்டத்தோட 55வது பிரிவு எடுத்துக்குது, உங்க பத்திரத்துலயும் "பின்னால் ஏதும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்த செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்"னு ஒரு வரி இருக்கும், யாரும் படிக்காத வரி, இப்பதான் அதுக்கு வேலை. அவரு தானே ஏமாந்தவரா இருந்தாலும் இந்தப் பொறுப்புல இருந்து தப்பிக்க முடியாது. விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷம்னு கணக்கு வச்சுக்கோங்க, நோட்டீஸ் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, போஸ்டல் முத்திரைல இருக்கிற தேதி முக்கியம்.

போலீஸ்ல குடுக்கலாமான்னா, தாராளமா. 2009ல முகமது இப்ராஹிம் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னன்னா, அடுத்தவன் நிலத்தைத் தன்னோடதுன்னு வித்தா மோசடிப் புகார் குடுக்க வேண்டியது ஏமாந்து வாங்கினவர்தான், நில ஓனர் இல்லை. ஆள் மாறி கையெழுத்து போட்டது தனியா போலி ஆவணக் குற்றம். 2016லயும் 2021லயும் நடந்ததால பழைய ஐபிசி பிரிவுங்கதான் வரும், 2024 ஜூலை 1ல வந்த புது தண்டனைச் சட்டம் (பிஎன்எஸ்) இதுக்குப் பொருந்தாது.

மாவட்டப் பதிவாளர்கிட்ட மனு போட்டா பத்திரம் ரத்தாயிடும்னு யாராவது சொன்னா, 2022ல அதுக்காக தமிழ்நாட்டுல கொண்டு வந்த 77ஏ பிரிவை சென்னை ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, சிவில் கோர்ட்டுதான் வழி. பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி பசங்க மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வரலைன்னு சொல்லி ஜெயிச்சுடலாம்னும் நினைக்காதீங்க, ஆரம்பத்துலயே செல்லாத பத்திரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது, அனுபவ பாத்தியத்துக்கும், அதாவது அடுத்தவர் நிலத்தைப் பல வருஷம் அனுபவிச்சதால வர்ற உரிமைக்கும், 12 வருஷம் வேணும், 2016ல இருந்து எண்ணினாலும் உங்களுக்கு அது வரல.

இன்னொண்ணு, பயத்துல வேற யாருக்காவது சட்டுன்னு வித்துட்டு ஒதுங்கிடலாம்னு தோணும். நோட்டீஸ் வாங்கினப்புறம் மறைச்சு வித்தா, அடுத்த வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து உங்க மேல புகார் எழுதிட்டிருப்பாரு உங்ககிட்ட வாங்கினவரு. அதுக்குப் பதிலா நோட்டீஸ்ல குடுத்திருக்கிற கெடுவுக்குள்ள பதில் அனுப்புங்க, அதுல இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் ஒரிஜினல் தாய்ப் பத்திரத்தையும் காட்டச் சொல்லி கேளுங்க, அதே நாள்ல வித்தவருக்கும் தனியா ஒரு நோட்டீஸ் போகட்டும்.