கூலன்ட் குறைகிறது, கசிவோ தெரியவில்லை

கேள்வி: என் பழைய லாரியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அடிக்கடி குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. எங்கே தேடுவது?

பதில்: தரை காய்ந்திருப்பதால் வெளிக்கசிவு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், எஞ்சின் சூட்டில் சொட்டு விழுமுன்பே ஆவியாகி, வெளிறிய கறையை மட்டும் விட்டுச்செல்லும். எஞ்சின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அழுத்தச் சோதனைப் பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் பம்பிலுள்ள அழுத்தமானியின் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் உள்சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். பலர் பார்க்க மறக்கும் இடம் இதுதான். பிறகு ஹோஸ் கிளிப்புகள். வெளியே எதுவும் அகப்படாமல், டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், கூலன்ட் உள்ளே ஆயிலில் கலக்கிறது என்று பொருள்; ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்கிற்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு), ஆயில் கூலர், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) ரப்பர் வளையம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை எஞ்சினை இயக்காதீர்கள்.