நாஸ் பெட்டியில் 400 படங்களை எப்படி அடுக்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: டிஸ்குகளில் இருந்த நானூற்றுச் சொச்சம் படங்களை வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டுக் கருவிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) ஏற்றிவிட்டீர்கள்; இனி நாயகன்வாரியாகப் பிரிப்பதா, ஆண்டுவாரியாகவா, மொழிவாரியாகவா? மூன்றுமே வேண்டாம் என்பேன். ஒரு படத்துக்கு ஒரு கோப்புறை. அதன் பெயரில் தலைப்பும் ஆண்டும் மட்டும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பட்டறிந்துதான் சொல்கிறேன். நாங்கள் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் அப்பாவின் பையில் முருங்கைக்காயோடு ஒரு விசிடியும் வீடு வந்து சேரும். பணி ஓய்வுக்குப் பிறகு அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். எம்ஜிஆர், சிவாஜி, ஜெமினி, ரஜினி, கமல், மற்றவை என்று ஆறு கோப்புறைகள். ஒருநாள் அம்மா ‘கூண்டுக்கிளி’ கேட்டார். எம்ஜிஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம், 1954இல் வந்தது. எம்ஜிஆர் கோப்புறையில் இல்லை. சிவாஜி கோப்புறையிலும் இல்லை. அரை மணி நேரம் தேடியபின் ‘மற்றவை’யில் கிடைத்தது. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று அங்கே போட்டாராம் அப்பா.

கோப்புறைக்கு ஒரு பொருளை ஓரிடத்தில் மட்டுமே வைக்கத் தெரியும். அம்மா நடிகர் பெயரால் தேடுவார், நான் இயக்குநர் பெயரால் தேடுவேன், என் மகளுக்குச் சுவரொட்டிப் படத்தைப் பார்த்தால்தான் எதுவும் பிடிபடும். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி போன்ற மென்பொருள்கள் தலைப்பையும் ஆண்டையும் வைத்து இணையத்திலிருந்து நடிகர், இயக்குநர், சுவரொட்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். நான் வைத்திருப்பது ஜெல்லிஃபின். இலவசம், திறந்த மூல மென்பொருள்.

ஆண்டு ஏன் என்றால், தமிழ்ப் படத் தலைப்புகள் மறுபிறவி எடுப்பவை. ‘பில்லா’ 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. ‘விக்ரம்’ 1986இல் ஒன்று, 2022இல் ஒன்று. ‘மாவீரன்’ 1986, 2023. ஆண்டு இல்லாவிட்டால் மென்பொருள் பெரும்பாலும் புதியதையே பிடித்துக்கொண்டு, பழைய படத்துக்குப் புதிய நாயகனின் முகத்தை ஒட்டிவிடும். ஆண்டு போட்டும் தவறாகப் பிடித்தால், டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் அந்தப் படத்துக்குரிய எண்ணைப் பார்த்துக் கோப்புறைப் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள். அதை எழுதும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் சற்று மாறும். எண்ணைக் கொடுத்தபின் குழப்பத்துக்கே இடமில்லை.

கோப்புறைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம். ரோமன் எழுத்தில் வைத்தால் ‘ழ’வுக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஒன்றா இரண்டா என்று ஒரே படம் நாலு விதமாக எழுதப்படும். ஆனால் தமிழில் ஒரு பொறி இருக்கிறது. அதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

‘பொல்லாதவன்’ என்ற பெயரில் என் பெட்டியில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே, ஆண்டும் ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கவே முடியாது, ஆனாலும் கண்ணெதிரே இருந்தன. ஒன்றில் படம், மற்றொன்றில் அதன் வசனவரி. காரணம் ‘பொ’. கணினி எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மேக் கணினியின் பழைய கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். மற்றக் கணினிகளில் பெரும்பாலும் சேர்ந்த வடிவமே வரும். நாஸ் பெட்டிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தச் சிக்கல் வரும். ‘கன்வ்எம்வி’ (convmv) என்ற சிறு கருவியில் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்தைக் கேட்டால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதலில் வெறும் ஒத்திகைதான் காட்டும், நீங்கள் தனியாகச் சொன்னால்தான் உண்மையில் மாற்றும். ஒத்திகையைப் படித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று: பெயரின் நீளத்துக்கு 255 பைட் வரம்பு உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ‘கூண்டுக்கிளி’ மட்டுமே 36 பைட். பெயரோடு நடிகர் பட்டியலையும் சேர்த்து எழுதும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

விசிடிகளைப் பற்றி. ஒரு டிஸ்கில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரப் படம் மூன்று துண்டுகளாக வந்திருக்கும். மூன்றையும் இணைத்து ஒரே எம்கேவி கோப்பாக்குங்கள். படத்தின் அளவு 352×288 மட்டுமே. அதை ஊதிப் பெரிதாக்கிச் சேமிப்பதில் பயனில்லை, தொலைக்காட்சியே அந்த வேலையைச் செய்யும். இணைத்த இடத்தில் ஒரு சிறு துள்ளல் இருக்கும். அந்த இடம் வந்தால் அப்பா இன்றும் டிஸ்க் மாற்றப் பாதி எழுந்துவிடுவார். டிவிடி கதை வேறு. பெரும்பாலானவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும்; சொந்த டிஸ்காகவே இருந்தாலும் அதை உடைத்து நகலெடுப்பது 2021இல் நடப்புக்கு வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தோடு உரசும். தெரிந்து செய்யுங்கள்.

வீட்டுக் காணொளிகளைப் படங்களோடு கலக்காதீர்கள். அக்காவின் திருமண நாடாவை மின்னிலக்கமாக மாற்றி, ‘கல்யாணம்’ என்று பெயரிட்டுப் படக் கோப்புறைக்குள் போட்டுவைத்தேன். மறுநாள் பார்த்தால் யாரோ ஒரு மீசைக்காரரின் சுவரொட்டியும், ‘சொத்துக்காக நடக்கும் சூழ்ச்சி’ என்று கதைச் சுருக்கமும் வந்திருந்தன. அத்தான் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். ஜெல்லிஃபினில் வீட்டுக் காணொளிக்கென்று தனி நூலக வகை உண்டு; அதில் போட்டால் இணையத்தில் தேடப் போகாது. அங்கே பெயருக்கு முன்னால் தேதி வரட்டும்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்.

காப்பு நகலும் முதலில் அந்தக் காணொளிகளுக்குத்தான். படத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பாட்டி ஆரத்தி எடுக்கும் காட்சியை எங்கே வாங்குவது? ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதும் ரெய்டு இருக்கிறதே என்று நான் மெத்தனமாக இருந்தேன். ஒரு வட்டு செத்தால்தான் அது காப்பாற்றும். அப்பா ரிமோட்டில் எதையோ அழுத்தி, வந்த கேள்விக்கு ‘ஆம்’ சொல்லி ஒரு படத்தை அழித்தபோது இரண்டு வட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் போய்விட்டது. இப்போது வீட்டில் எல்லாருடைய கணக்குக்கும் பார்க்க மட்டுமே உரிமை. அழிக்கும் உரிமை எனக்கு மட்டும். தனியாக ஒரு வெளி வட்டில் மாதம் ஒருமுறை நகலெடுத்து அக்கா வீட்டில் கொடுத்துவைக்கிறேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வட்டுகளின் சத்தம் தாங்காமல் இப்போதைய பொங்கோல் வீட்டில் அதைக் காப்பறைக்குள் (ஆபத்துக் காலத்தில் ஒதுங்க வீட்டிலேயே கட்டிய அறை) வைத்துப் பார்த்தேன். கனமான கான்கிரீட் சுவர், உள்ளே வைஃபை தலைகாட்டவில்லை. சுவரில் துளையிட்டுக் கம்பி இழுக்க விதி இடம் தராது. கதவைச் சாத்தினால் வெப்பம், திறந்துவைத்தால் சத்தம். கடைசியில் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அடியில் பழைய யோகாப் பாயை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. பாய் அம்மாவுடையது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.