வெள்ளைச் சட்டையும் ஜாமீன் கையெழுத்தும்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு மாவட்டக் கருவூலத்தில் கணக்கராக இருக்கிறேன். 1995இல் பத்தாம் வகுப்பு முடித்த நாங்கள் முப்பது வருஷம் கழித்துச் சென்ற மே மாதம் ஒரு மண்டபத்தில் கூடினோம். எனக்குப் போக விருப்பமில்லை. காரணம் ஒரே ஒருவன். என் அம்மா பள்ளிக்கூட வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தார். எனக்கு ‘ஊசின இட்லி’ என்று பெயர் வைத்தவன் அவன். பள்ளியை விட்டு வெளியே வரும்வரை அதுதான் என் பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஆண்டு விழா அன்று, எனக்கு இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் இங்க் பாட்டிலைக் கவிழ்த்தான்.

அவனும் வந்திருந்தான். மைக்கை வாங்கி அந்தச் சட்டைக் கதையை அவனே சொன்னான். “என்னை மன்னிச்சுருடா” என்று அழுதான். துணிக்கடைப் பையிலிருந்து புது வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். மண்டபமே கைதட்டியது. நானும் அழுதுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். ஐந்து லட்ச ரூபாய் ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்திருக்கிறானாம். அரசு சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போட்டால்தான் கம்பெனி பணம் தருமாம். வாட்ஸப் குழுவில் யார் யார் எங்கே வேலை என்று பட்டியல் கேட்டு வாங்கியவன் அவன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் மறுக்க முடியவில்லை. சம்பளச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி கூடாது என்கிறாள். பழைய தோழனாக வந்த துரோணரை அவமதித்த துருபதனைப் போல் நான் ஆகிவிடக் கூடாது என்றும் தோன்றுகிறது.

அவனை மன்னித்தேனே, அது உண்மையா? மறுத்தால் நான் சின்ன மனசுக்காரனா? குழுவிலிருந்து விலகிவிடலாமா?

எஸ்.


அன்புள்ள எஸ்.,

குழுவில் இருந்தால் என்ன, விலகினால் என்ன, அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. விட்டுத்தள்ளுங்கள். அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று யோசித்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் வேண்டாத வேலை. நிஜமாகவே அழுதிருக்கலாம். முப்பது வருஷம் உறுத்திய ஒன்றைச் சொல்லி அழுகிற மனிதனுக்கு அதே நேரத்தில் உங்களிடம் ஒரு காரியமும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுக்குள் தாராளமாக இருக்கும்.

அந்த இட்லிக்கடைப் பையனை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. மையைக் கழுவப் பார்த்துப் பார்த்து, அது இன்னும் பெரிதாகப் பரவி, ஈரச் சட்டையோடு விழாவின் கடைசி வரிசையில் நின்றிருப்பீர்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? அதை எழுதவில்லை. உண்மையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெயர் அம்மாவின் கடையிலிருந்து வந்தது. கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று அந்த வயதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தனியாகத் தாங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஒரு மண்டபமே எழுந்து கைதட்டியபோது கண் கலங்கியதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் அதற்கப்புறம் நீங்கள் செய்தது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. நீங்கள் கருவூலத்தில் இருக்கிறீர்கள் ஐயா! ஊரில் உள்ளவர்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் உங்கள் மேஜை வழியாகப் போகிறது. நீதிமன்றப் பிடித்தம் என்று ஒரு வரி வருமே, அதை எத்தனை பேர் பெயருக்கு நேராகப் பார்த்திருப்பீர்கள்? அதில் பல பேர் தாங்கள் வாங்காத கடனுக்குக் கட்டுகிறவர்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

நம்மூரில் ஜாமீன் கையெழுத்தை ஒரு மரியாதையாக நினைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி. “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்று கேட்பவரும் சொல்கிறார், போடுபவரும் நம்புகிறார். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. பாதி கிடையாது, முழுசும். முதலில் கடன்காரனிடம் கேட்டு, அவன் சொத்தை ஜப்தி செய்து, அதிலும் தேறாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன்காரனிடம் முதலில் போயாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1969இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேராக உங்களிடம் வரலாம். உங்களிடம்தான் வருவார்கள். அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம், உங்கள் சம்பளம் எங்கே போகும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சச் சீட்டு, 25 பேர், மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது ஏலத்திலேயே ஒருவன் ஒன்றரை லட்சம் தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து, எடுக்கிறான். கம்பெனி கமிஷனும் அந்தத் தள்ளிய தொகையிலிருந்துதான் போகும். 2019இல் சிட் ஃபண்டு சட்டத்தைத் திருத்திய பிறகு அது சீட்டுத் தொகையில் 7 சதவீதம் வரை போகலாம். ஆக அவன் கையில் கிடைப்பது சுமார் 3,50,000. அவன் இன்னும் கட்டவேண்டியது 21 தவணை. கழிவு, அதாவது ஏலத்தில் தள்ளிய தொகையில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் பங்கு, கிடைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் தவணை தவறியவருக்குக் கழிவு இல்லை என்பது பல கம்பெனிகளில் வழக்கம். அப்போது 4,20,000. அவன் வாங்கியதைவிட நீங்கள் பொறுப்பேற்பது சுமார் எழுபதாயிரம் அதிகம். தீர்ப்பாகிவிட்டால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். ஒரே கடனுக்கு மொத்தம் 24 மாதம் வரை.

சீட்டு கம்பெனிமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் பிணை காட்டவேண்டும் என்பது 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டத்திலேயே இருப்பது. மிச்சப் பேருடைய பணத்துக்கு அதுதான் காவல். என் கேள்வியே வேறு. அவனுக்கு அண்ணன் தம்பி இல்லையா? மச்சினன் இல்லையா? நாற்பத்தைந்து வயதில் ஒருவன் முப்பது வருஷமாகப் பார்க்காத ஆளைத் தேடி, அதுவும் தான் அவமானப்படுத்திய ஆளைத் தேடி ஜாமீனுக்கு வருகிறான் என்றால், அவனை நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் மனைவிக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கிறது.

இவ்வளவு நீட்டி முழக்கக் காரணம் என் அப்பா. ஒன்றிய ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். 1986 என்று நினைவு. அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் எதிரி இல்லை. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஹைஸ்கூலுக்குப் போனவர்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, படிக்கக்கூட இல்லை, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை நின்று நின்று வந்ததால் ஒரு கையெழுத்தை இரண்டு தடவை போட்டார். ஒன்றரை வருஷம் கழித்துத் தலைமையாசிரியர் அறையில் எல்லா ஆசிரியர்களும் இருக்கும்போது ஒரு கடிதத்தை அப்பாவிடம் நீட்டினார்கள். அந்த மாதத்திலிருந்து பிடித்தம். அம்மா பால் வாங்குவதை நிறுத்தினாள். எனக்குப் பள்ளிச் சுற்றுலா இல்லை. அதெல்லாம் எப்படியோ போய்விட்டது.

போகாதது ஒன்று உண்டு. அப்பாவும் நானும் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தோழர் எதிரே வந்தார். அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, புறப்பட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு பேருந்தில் ஓடி ஏறினார். அது எந்த ஊர்ப் பேருந்து என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பா கையைத் தூக்கி அவரைக் கூப்பிடப் போனவர், அப்படியே இறக்கிக்கொண்டார். ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன்காரரிடமிருந்து திரும்பக் கேட்கச் சட்டத்தில் முழு உரிமை உண்டு. அப்பா கடைசிவரை கேட்கவில்லை. “அவன் ஓடுறதைப் பாக்க முடியலம்மா” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பணம் போன வருத்தத்தைவிட, சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் போய்விட்டதுதான் அவரைத் தின்றது.

துரோணர் கதைக்கு வருகிறேன். அதை நீங்கள் தப்பாகப் பொருத்துகிறீர்கள். துரோணருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது என்ன? பிள்ளை அசுவத்தாமனுக்கு மற்றப் பிள்ளைகள் அரிசிமாவைக் கரைத்துக் கொடுத்து, பால் குடித்தேன் என்று அவன் குதித்ததைப் பார்த்து வயிறெரிந்துதான் அவர் பாஞ்சாலத்துக்குப் போனார். சபையில் அதைச் சொன்னாரா? “உன் தோழன் வந்திருக்கிறேன்” என்றார். துருபதன் பேசியது ஆணவம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் “என் பிள்ளைக்குப் பால் இல்லை, ஒரு பசு கொடு” என்று கேட்டிருந்தால் அவ்வளவு பெரிய அரசன் இல்லையென்றா சொல்லியிருப்பான்? தேவையைச் சொல்லாமல் தோழமையை முன்னால் நீட்டினார். அது மறுக்கப்பட்டதும் இழிவாகிவிட்டது. அர்ச்சுனனை வைத்து அவனைக் கட்டி இழுத்து வரச் செய்து பாதி நாட்டைப் பிடுங்கினார். அவன் இவரைக் கொல்ல வேள்வி செய்து மகனைப் பெற்றான். எல்லாம் கேட்காமல் விட்ட ஒரு பசுவுக்காக என்றுதான் எனக்குத் தோன்றும்.

உங்கள் ஆளும் அதைத்தான் செய்திருக்கிறான். மண்டபத்துக்கு வெளியே உங்களை ஓரமாகக் கூப்பிட்டு, “எனக்கு நெருக்கடி, உன்கிட்ட கேக்க எனக்கு முகம் இல்ல, ஆனாலும் கேக்குறேன்” என்று சொல்லியிருந்தால் நான் அவனை மதித்திருப்பேன். அவனோ உங்கள் பழைய காயத்தை மைக்கில் சொல்லி, நூறு பேரைச் சாட்சி வைத்து, நீங்கள் இனி மறுக்கவே முடியாதபடி செய்துவிட்டு, அப்புறம் வந்து கேட்கிறான். நீங்கள் மாட்டியிருப்பதும் அந்த நூறு பேரிடம்தான். பெரிய மனசுக்காரன் என்று அவர்கள் தட்டிய கையை இழக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு விலை 4,20,000 என்றால், உங்கள் பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் அதைக் கட்டாதீர்கள்.

சட்டையை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டாம். போட்டுக்கொண்டு ஆபீஸுக்கே போங்கள். மன்னித்தது மன்னித்ததுதான், அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அவனை போனில் இல்லாமல் நேரில் பாருங்கள். டீக்கடையில் உட்கார வைத்து, “ஜாமீன் நான் யாருக்கும் போடுறதில்லை, உனக்கும் போட மாட்டேன்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள். மனைவிமேல் பழியைப் போடாதீர்கள், அது அசிங்கம். அப்புறம், என்ன கஷ்டம் என்று அவனைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவா, பெண் கல்யாணமா, கடன் மேல் கடனா? உண்மையைச் சொன்னால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று உங்களால் நினைக்க முடிகிற ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். பத்தாயிரமோ ஐயாயிரமோ, அது உங்கள் இஷ்டம். அதற்குமேல் நட்பு இருந்தால் அது தானாக நிற்கட்டும்.

சம்பளச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள். சான்றிதழ் ஏற்கெனவே தயாராகியிருந்தால் வாங்கி வீட்டில் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். வெற்றுத் தாளில் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதை எனக்கு உடனே எழுதுங்கள். அப்படியானால் வக்கீல் ஒருவரைத்தான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அக்கா